மூன்றாம் நாள் மாத்திரை

செவ்வாய்க் கிரகம், நாள் 412. 08:10. தலைமை நிலையம்.
எழுதுவது டாக்டர் குமுதவல்லி. இந்தக் கிரகத்தில் இப்போது இரண்டே பேர்: இங்கே நான், தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளித் துளையிடும் முகாமில் மெக்கானிக் ஜெபக்கனி. அவளுக்கு மறுபடியும் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் 38.6. ஐந்து மாதத்தில் நான்காம் முறை. கவச உடையில் ஒன்பது மணி நேர வேலை. நடுவில் அவசரம் வந்துவிடுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. ரேடியோவில் திட்டினேன்.
"சரிக்கா, இனி குடங்குடமா குடிக்கேன்."
கைவசமுள்ள மாத்திரையைத் தொடங்கச் சொன்னேன். சிறுநீர் மாதிரியை ஆளில்லா வண்டியில் அனுப்புகிறாள்.

நாள் 414. 11:30.
காய்ச்சல் 39.4. முன்பெல்லாம் இரண்டாம் நாளே விட்டுவிடும். மாதிரியைத் தட்டில் பரப்பி, என்னிடமுள்ள ஆறு மருந்துகளில் ஒவ்வொன்றிலும் தோய்த்த காகித வில்லையை அதன்மேல் வைத்தேன். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வட்டம் விழும். புழுதிப்புயலில் நான் போக முடியாது, மருந்தோடு வண்டி போகும். ஒரே ஒரு வட்டம் போதும்.

நாள் 415. 07:45.
வட்டம் இல்லை. ஆறிலும் இல்லை, ஊசி மருந்திலும் இல்லை. தட்டு மாறிவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். அவள் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. பூமியிலிருந்து நாற்பது நிமிடம் கழித்துப் பதில்:
"உங்களிடம் உள்ள எதுவும் கேட்காது, டாக்டர். வலிக்கு மட்டும் கொடுங்கள்."

நாள் 415. 14:20.
இதைக் கண்டெடுப்பவர் கிருமியைத் திட்ட வேண்டாம். அடுத்த கப்பல் தள்ளிப்போனதும் சிக்கன உத்தரவு போட்டவள் நான். பத்து நாள் மாத்திரையை, காய்ச்சல் விட்டதும் மூன்றாம் நாளே நிறுத்தச் சொன்னேன். மூன்று முறை, மூன்று வேறு மருந்துகள். தப்பிப் பிழைத்த கிருமிகள் ஒவ்வொரு முறையும் இன்னும் முரடாகத் திரும்பின, எதிர்ப்பைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டன. கல்லூரியில் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நாள் 416. 09:00.
40.3. விலாவில் வலி, வாந்தி. சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது.
"நீங்க சொன்ன மாதிரித்தான தின்னேன், டாக்டரக்கா? நான் எதும் தப்பு பண்ணிட்டனா?"
இல்லை கனி, தப்பு என்னுடையது என்றேன். சிரித்தாள். சும்மா தேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நாள் 416. 16:40.
அவள் கைப்பட்டை அனுப்பும் அளவுகள்: நாடி 148. இரத்த அழுத்தம் 70/40. உடல் வெப்பம் 35.1. தொற்று இரத்தத்தில் கலந்து முற்றினால் உடல் இப்படியும் குளிர்ந்துபோகும். அவளுக்கு அது தெரியாது. குரலில் அத்தனை சந்தோஷம்.
"நடுக்கம் நின்னுட்டுக்கா. காய்ச்சலும் விட்டுட்டு. மாத்திரைய நிப்பாட்டிரட்டா?"
நிறுத்திவிடு என்றேன். கொஞ்சம் தூங்கு என்றேன்.

17:05.
நாடி இல்லை.