எண்ணெய் படாத பல்

அன்பு மகள் தெலேசியாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. தூர தேசத்து டனீடின் ஊர்க் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எங்கள் கவலை. முதலில் பல் சேதி. உன் அத்தை, அதான் என் அக்கா, மகள் கல்யாணத்தில் நம் வீட்டுச் சீரான பன்றிகளையும் பாய்களையும் ஒப்படைத்து நான்தானே பேச வேண்டியிருந்தது. போன மாதம் போதகர் வீட்டுச் சாவில் பேசும்போது முன்பல் உறை கழன்று குடித்துக்கொண்டிருந்த காவாச் சாற்றுச் சிரட்டைக்குள் விழுந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெனிசிமானி "குடிச்சிராதய்யா, அது உன் பல்லு" என்றதும், துக்க வீடே சிரித்ததும் உனக்குத் தெரியும். அக்கா வீட்டுக் கல்யாணச் சபையிலும் அப்படி நடந்தால் இந்தத் தீவில் எப்படித் தலைகாட்டுவேன் என்று பயந்துகொண்டிருந்தேன். பல் நர்ஸ் லுவேனி மூன்று தடவை ஒட்டியும் நிற்கவில்லை, "எந்தச் சிமெண்டும் உங்க வாயில நிக்க மாட்டேங்குது மாமா" என்று கண் கலங்கிவிட்டாள்.

நீ போனில் துருவித் துருவிக் கேட்டதால்தான் உண்மையைச் சொன்னேன். வலி தெரியாது என்று அக்கா கொடுத்தனுப்பிய வாசனைத் தேங்காயெண்ணெயை, ஒவ்வொரு தடவையும் உறை உட்காரும் கட்டைப் பல்லில் தேய்த்துக்கொண்டுதான் போனேன். அக்கா சொல்லை எந்தத் தம்பி தட்டுவான். நர்ஸிடம் சொன்னால் அக்காவைக் குறை சொன்னதாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். நீ என்னோடு மல்லுக்கு நிற்காமல் நேரே அத்தைக்கே போன் போட்டு, "உங்க எண்ணெய் தலைக்கு நல்லது அத்தை, பல்லுக்கு வேணாம்னு நீங்களே சொல்லிருங்க, வேற யாரு சொன்னாலும் அப்பா கேக்க மாட்டாரு" என்றாயாமே. அக்காவும் தம்பியும் நேரில் பேசிக்கொள்ளாத நம் வழக்கப்படி, மறுநாளே உன் அம்மா மூலம் உத்தரவு வந்துவிட்டது, "என் தம்பி பல்லுல ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது."

லுவேனி நீ போனில் சொன்னபடியே பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பல்லை லேசாக அரிக்கும் நீலப் பசை ஒன்றைத் தடவிக் கழுவி, ஒரேயடியாகக் காயவிடாமல் லேசான ஈரத்தோடு, எச்சில் படாதபடி பஞ்சு வைத்து ஒட்டினாள். வழவழப்பில் சிமெண்ட் பிடிக்காது, கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு வேண்டும் என்று நீ சொன்னது அப்போதுதான் புரிந்தது. சனிக்கிழமை கல்யாணத்தில் முக்கால் மணி நேரம் பேசினேன், பிறகு கரும்பும் கடித்தேன், பல் அசையவில்லை. அக்கா வழக்கப்படி என்னை விட்டுத் தள்ளிப் போட்ட பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டே கேட்டாளாம்.

டாக்டர் படிப்பை விட்டுவிட்டு, பல்லில் சிமெண்டை ஒட்டி இழுத்துப் பார்க்கிற ஆய்வுக்கூடத்துக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது, இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டு இரண்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ அம்மாவிடம் அழுததும் எனக்குத் தெரியும். தப்புப் பண்ணிவிட்டேன் மகளே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். அம்மா பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். கல்யாணச் சபையில் எல்லாருக்கும் பேர் சொல்லி நன்றி சொன்னேன், உன் பேர் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நன்றி மகளே.

உன் அப்பா,
மொசேசே