வெள்ளிக்கிழமை மீன் பணம்

அன்பு மகள் ரோஸலினுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நம் ஊர்த் தீயணைப்பு நிலையத்தார் உன் படிப்புக்குத் தருவதாக அறிவித்த நாலாயிரம் டாலரை நீ கல்லூரிக்குத் தெரிவித்ததும், அவர்கள் தங்கள் உதவித்தொகையில் அதே நாலாயிரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். உண்மையைச் சொன்னதற்கு இதுதான் கூலியா, இந்தப் பருவத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை அப்பா என்னைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். நீ தெரிவித்தது சரி. அதில் எங்கள் இருவருக்கும் சந்தேகம் இல்லை.

மறுநாளே கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்தேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "வெளியில இருந்து பணம் வந்தா எங்க பங்கு குறையும்மா, எல்லாருக்கும் இதே கணக்குதான்" என்றாள். உதவித்தொகையைத் தொடாமல் உன் கல்விக் கடன் தொகையில் குறைக்கலாமே என்றேன். அங்கே அந்த வழக்கம் இல்லையாம். விண்ணப்பத்தில் கேட்டது இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானம், அப்போது கண்ணாடி ஆலையில் அப்பாவுக்குக் கூடுதல் வேலை இருந்தது, இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் என்றும் சொன்னேன். ஆலையின் சான்று கேட்டாள், அனுப்பிவிட்டேன், பதில் வர நாளாகும். கடைசியில், படிப்பு முடிந்த பிறகு தரும் பரிசையும் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். "முடிச்சப்புறம் யார் என்ன குடுத்தா எங்களுக்கென்னம்மா" என்றாள். அதை எழுத்திலும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு தீயணைப்பு நிலையக் கூட்டத்துக்குப் போனேன். இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் மீன் பொரித்து விற்றுச் சேர்த்த பணம் இப்படிப் போனதை எப்படிச் சொல்வது என்று வண்டியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தலைவர் வால்ட் இப்போது மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடுதான் இருக்கிறார், அடுப்புப் பக்கம் விடுவதில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப வெர்னா, நாங்க எண்ணெய்ப் புகையில நின்னது காலேஜ் கஜானாவுக்கா? முன்னாடியே சொல்லியிருந்தா மீனைக் கருக விட்டிருப்போமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கியதும், "பணம் இங்கயே கெடக்கட்டும், புள்ள படிச்சு முடிச்சுட்டு வந்து வாங்கிக்கட்டும்" என்று தீர்மானம் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். உடனே தாளைத் துணைத்தலைவி டார்லீன் பக்கம் தள்ளி, "அன்னிக்கு நான் இருப்பேனோ என்னவோ, நீயும் போடு" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே கல்லூரி தன் நாலாயிரத்தைத் திரும்பத் தரும். மீன் பணம் இப்போது கைக்கு வராததால் இந்த வருஷம் குறையும் தொகைக்கு அப்பா தன் பெயரில் கடன் எடுத்துவிட்டார். கடனுக்கு வண்டிகூட வாங்காத மனிதர் அவர். நீ முடித்ததும் மீன் பணத்தில் அதை அடைக்கலாம். முடிக்காமல் வந்தால் அது அங்கேயே இருக்கும். அதை வால்ட் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வா, படிப்பை விட்டுவிட்டு வராதே. ஆண்டவர் உன்னைக் காப்பாராக. பரிசை இப்போது பெறவில்லை என்று இத்துடன் வைத்திருக்கும் தாளில் கையெழுத்திட்டு இந்த வாரமே அலுவலகத்தில் கொடு. வால்டுக்கும் ஒரு கடிதம் எழுது, நன்றி சொல்லி நீட்ட வேண்டாம், என்ன படிக்கிறாய் என்று எழுது. நான் புறப்படும்போது வாசல்வரை குழாயை இழுத்துக்கொண்டு வந்து, "இன்னும் ரெண்டரை வருஷமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பாத்துக்கலாம்" என்றார்.

என்றும் உன் நினைவில்,
அம்மா வெர்னா