நிற்காமல் ஓடிய இயந்திரம்

இன்று காலை நம் கம்பைலரின் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தபோது, நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிவைத்த தமிழ்க் குறிப்பு கண்ணில் பட்டது: “இங்க ரெண்டும் ஒண்ணா இருக்கலாமுங்க.” நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. கோப்பை மூட மனம் வரவில்லை.

சரவணம்பட்டி அலுவலகத்தில் நாம் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர்; அதில் நிரலை வேகமாக ஓடவைக்கும் பகுதி என்னுடையது. அதைச் சோதிப்பது உங்கள் வேலை. உடுமலைப்பேட்டைப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் இயந்திரத்துக்கு அப்போது நிரல் செய்துகொண்டிருந்தோம். ஓடும்போதே நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கும் நிரல் அது. ஒவ்வொரு முறையும் புது இடம்தான் கிடைக்கும் என்று நானாக முடிவுகட்டி, கம்பைலருக்கும் அப்படியே சொல்லிவைத்தேன். உண்மையில் சில சமயம் முன்பு கொடுத்த இடமே மறுபடியும் வந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு பெயர். பொத்தானை அழுத்தினால் ஒரு பெயரில் ‘நிறுத்து’ என்று எழுதப்படும். இன்னொரு பெயரில் அதைப் படிக்க வேண்டும். இரண்டும் வேறு என்று நம்பிய கம்பைலர், திரும்பப் படிக்காமல் பழைய மதிப்பையே வைத்துக்கொண்டது.

வெள்ளோட்டத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்தியும் இயந்திரம் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற தொழிலாளி அம்மா ஒருவரின் முந்தானை உருளையில் சிக்கிக் கிழிந்தது. யாரோ ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தியதால் அவர் தப்பினார்.

ஆலைக்காரர்கள் வயரிங் கோளாறு என்றே நினைத்தார்கள். இரண்டு நாளில் நீங்கள் காரணத்தைக் கண்டுபிடித்து என் மேசைக்கு வந்தீர்கள்.

“ஏனுங்க, ரெண்டும் வேற வேற இடம்னு எப்படிங்க முடிவு பண்ணுனீங்க?”

“அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுப்போட்டனுங்க.”

“கம்பைலர்கிட்டத் தெரியலைன்னு சொல்லியிருக்கலாமுங்களே. ஒவ்வொரு தடவையும் திரும்பப் படிக்கும், கொஞ்சம் மெதுவா ஓடும், அவ்வளவுதானுங்க.”

சத்தமில்லாமல் திருத்தி அடுத்த பதிப்பில் அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. “அந்தம்மா நாளைக்கும் அந்த மிஷின்கிட்டத்தான நிக்கோணும். என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியோணுமுங்க. கெளம்புங்க, நானும் வாரேன்” என்றீர்கள்.

உங்கள் பைக்கில் போனோம். மேலாளரிடமும் அந்த அம்மாவிடமும் நானே சொன்னேன். மேலாளர் கத்தித் தீர்த்தார். அந்த அம்மா, “இப்ப நிக்குமுங்களா?” என்று மட்டும் கேட்டார். திருத்திய நிரலை ஏற்றிவிட்டு, பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னீர்கள். நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் பார்க்காதவர் போல டீ வாங்கப் போய்விட்டீர்கள்.

பிறகு ஒரு நாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவே இல்லை. அன்று கூட வந்ததற்கு உங்களுக்கு நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நம் கம்பைலர் தரும் நிரல் சற்று மெதுவாக ஓடுகிறது என்று இப்போதும் சிலர் குறைப்படுகிறார்கள். அவர்களை உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், என் பெயரையும் விடாமல்.