எந்த மண் போடுவது

நெய்வேலி,
வியாழன் மதியம்

அன்புள்ள ஹரிணிக்கு,

அத்தை எழுதுகிறேன். நானும் மாமாவும் நலம். கோயம்புத்தூரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. எழுதினால் ஒழுங்காக வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மீன்தொட்டியைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் அஸ்வினும் நீயும் அடியில் போட்ட அந்தக் கறுப்பு உருண்டை மண் நைந்து கூழாகிவிட்டது. செடிகளெல்லாம் மஞ்சளாகி, தொட்டால் இலை கையோடு வருகிறது. பஜாரில் மீன் கடை வைத்திருக்கும் ஜெயகணேஷ், அதுல சத்து தீந்துபோச்சும்மா, மாத்தித்தான் ஆவணும் என்றான். என் பிள்ளை கண்ணை மூடிய பிறகு, தண்ணீரைத் தவிர அந்தத் தொட்டியில் நான் எதையும் மாற்றியதில்லை. அதனால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எதைப் போடுவது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஜெயகணேஷ், அதே மாதிரி மண்தான் வேண்டும், ஆனால் புதிதில் அது தண்ணீரைக் கெடுக்கும், சில வாரம் மீன் விடக் கூடாது என்கிறான். செடிக்கு நல்லது மீனுக்கு ஆகாதாம், இது என்ன நியாயம் என்று புரியவில்லை. மாமா, கூழாங்கல் போதும், வேர்ப் பக்கத்தில் உர மாத்திரையைச் செருகிவிடு என்றார். அவர் வாங்கி வந்த வெள்ளைக் கல்லில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரைத்தது. சுண்ணாம்புக் கல்லாம், இந்தச் செடிகளுக்கு ஆகாதாம். எதிர் குவார்ட்டர்ஸ் மலர்விழியோ, காசு குடுத்து மண்ணு வாங்குவாங்களாம்மா, தோட்டத்து மண்ணச் சலிச்சிப் போட்டு மேல மணலக் கொட்டுங்க, முத்தாண்டிக்குப்பத்துல எங்க சித்தப்பா வூட்ல அப்படித்தான் செடி தளதளன்னு வளந்துகினு இருக்குது என்றாள்.

அதைத்தான் செய்தேன். குடத்துத் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றியதும் மணல் கீழே போய், செம்மண் மேலே வந்து, தொட்டி முழுக்க டீ மாதிரி ஆகிவிட்டது. முதல் ஷிப்ட் முடிந்து வந்த மாமா, பக்கெட்டில் கிடந்த மீன்களைப் பார்த்துவிட்டு, மைன்ஸ்ல பாக்குற சேறு பத்தாதா, வீட்டுலயும் வேணுமா என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே அள்ளினார்.

முதலிலேயே அள்ளி வைத்திருந்த பழைய கறுப்பு மண்ணை எங்கே கொட்ட என்று அவர் கேட்டார். அஸ்வின் கையால் பரப்பியது. கடைசியில் முருங்கைக்கு அடியில் போடச் சொன்னேன். அப்புறம் கடை மண்ணையே வாங்கிப் போட்டுச் செடிகளை நட்டோம். மீன்கள் காற்று மோட்டாரோடு டப்பில் இருக்கின்றன. சரியாகத்தான் செய்தோமா என்று இன்னும் தெரியவில்லை.

இனி நீ சொன்ன விஷயம். இனியன் என்று பெயர் சொன்னாய், கூட வேலை பார்க்கிறவர் என்றாய். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டதற்கு, அத்தையிடம் சொல்லாமல் பதில் சொல்ல மாட்டேன் என்றிருக்கிறாய். பெற்ற அம்மாவுக்கு முன்னால் எனக்கு ஏன் சொன்னாய்? சந்தோஷமும் வந்தது, அழுகையும் வந்தது. மாமாவிடம் சொன்னேன். நல்லா இருக்கட்டும், சின்னப் பிள்ளைல்லா என்றார். அவ்வளவுதான்.

அவர் கோபக்காரரா? அஸ்வின் பேச்சை எடுத்தால் கேட்டுக்கொள்வாரா, முகம் சுளிப்பாரா? இதையெல்லாம் கேட்க எனக்கு முறை உண்டா என்பதுகூடத் தெரியவில்லை. ஆனால் ஒன்று. எங்களை நினைத்துத் தயங்குகிறாய் என்றால் வேண்டாம். சரி என்று சொல்லிவிடு.

இனியன் வீட்டார் உங்கள் வீட்டுக்குப் பேச வரும் நாளில் நானும் மாமாவும் அங்கே இருக்கலாமா, இருந்தால் பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்களா? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. உன் அம்மாவைக் கேட்டுச் சொல். வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டோம். வரலாம் என்றால் மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே நாளைச் சொல்லு தாயி, மாமா லீவு போட வேண்டும்.

மகராசியாக இரு.

உன் அத்தை,
பொன்னம்மாள்