மலையில் ஜெசி பிடித்து வைத்த இடம்

என்ர ஆசை ஜெசிக்கு,

எடியே, உன்ர றெஜினா வந்திட்டாள்! "வாறன், வாறன்" எண்டு பத்து வருசமாய் ஜெர்மனியிலை இருந்து டெலிபோனிலை மட்டும் வந்துகொண்டிருந்தவள், நீ கண்ணை மூடி எட்டு மாசத்துக்குப் பிறகு வந்து நிக்கிறாள். உன்ர மன்னார்ப் பள்ளிக்கூடச் சிநேகிதிக்கு மொன்றியலைச் சுத்திக் காட்டோணும் எண்டது உன்ர ஆசையெல்லே? அது என்ர தலையிலை விழுந்தது. அழுதழுதே அந்த நாளைக் கெடுத்துப்போடுவனோ எண்ட பயத்தோடைதான் ஞாயிறு காலமை வெளிக்கிட்டன்.

முதல் ஜான்-டலோன் சந்தை. ருசி பார்க்க வெட்டி வைச்ச முலாம்பழத்திலையே வயிறு நிரப்பினாள், ஒண்டும் வாங்கேல்லை. கடைக்காரன் முறைக்க, "மெர்சி ராசா" எண்டு அவன்ர கன்னத்தைத் தட்டினாள். எனக்கு மானம் போச்சுது. அவனெண்டால் சிரிச்சுக்கொண்டு இன்னொரு துண்டு நீட்டுறான்!

பேந்து மலையடி. ஞாயிற்றுக்கிழமை மேளக்கூட்டம் இப்பவும் கூடுது. பார்த்துக்கொண்டு நிண்டவள், சப்பாத்தைக் கழட்டி என்ர கையிலை தந்திட்டு நடுவிலை இறங்கி ஆடத் தொடங்கிட்டாள். ஐம்பத்திரண்டு வயசிலை, சீலையோடை! சனம் கைதட்டுது. நீ இருந்திருந்தால் நீயும் இறங்கியிருப்பாய். நான் வழமைபோலை சாமான் காவிக்கொண்டு நிண்டன்.

பிறகு மேலை ஏறி, நகரம் முழுக்கத் தெரியுற எங்கடை வாங்கிலை, மூண்டு பேர் இருக்கக்கூடிய அந்த மர இருக்கையிலை, இருந்தம். அந்த வாங்கைப் பற்றி எனக்கு உன்னோடை பழைய கோவம் ஒண்டு இருக்கு, தெரியுமே? எப்ப போனாலும் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை உன்ர ஹான்ட்பாக்கை வைப்பாய். எடு எண்டால் எடுக்கமாட்டாய். ஒரு வயசுபோன மனிசி இடம் கேட்டதுக்கும் "ஆள் வருகுது" எண்டு பொய் சொன்னாய். என்னை ஒட்டி இருக்க உனக்குப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சு, வீட்டை போய் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்.

இதை றெஜினாவுக்குப் பகிடியாய்ச் சொன்னன். அவள் சிரிக்கேல்லை.

"பள்ளிக்கூட பஸ்ஸிலை நானும் ஜெசியும், முதல் ஏறுறவள் மற்றவளுக்குப் பையை வைச்சு இடம் பிடிப்பம்," எண்டாள். "மலைக்குப் போனால் உனக்கு இடம் பிடிச்சு வைக்கிறனான், கெதியா வா எண்டு டெலிபோனிலை சொல்லுவாள். நான் பகிடி எண்டெல்லே நினைச்சன், புஷ்பம்."

அழுதம்தான். ஆனால் நாள் கெடேல்லை, ஜெசி. கட்டிக்கொண்டு போன புட்டையும் மீன்பொரியலையும் ஒரு பருக்கை விடாமல் திண்டு முடிச்சம்.

அப்ப ஒரு பொம்பிளை வந்து, பக்கத்திலை இருக்கலாமோ எண்டு பிரெஞ்சிலை கேட்டாள். றெஜினா தன்ர ஹான்ட்பாக்கை எடுத்து எங்களுக்கு நடுவிலை வைச்சாள். எனக்குத் தெரிஞ்ச அரைகுறைப் பிரெஞ்சிலை நான்தான் சொன்னன்: "ஆள் வருகுது."

இனி நான் எப்ப மலைக்குப் போனாலும் அந்த இடம் உனக்குத்தான். ஆர் வந்து கேட்டாலும் விடமாட்டன்.

உன்னிலும் மூண்டு மாசம் இளைய, கூடப்பிறக்காத தங்கச்சி,
புஷ்பம்