இப்போதுதான் தரை கழுவினேன்

ஒஹாயோ,
ஜனவரி 14, 2016

அன்புள்ள டெல்மர்,

கர்த்தரின் கிருபையால் உயிரோடிருக்கிறேன். நீ சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இது இருபத்துமூன்றாம் கடிதம். ஒன்றுக்கும் நீ பதில் போட்டதில்லை. முதுகுவலி அப்படியே இருக்கிறது. வாசலில் முழங்காலளவு பனி.

நேற்று வக்கீல் வில்டா அம்மா வந்தார். அன்று நீ வேலைக்குப் போயிருந்தபோது வாரண்ட் இல்லாமல் நம் வீட்டைச் சோதனை போட்டார்களே, அவர்களில் இளைய போலீஸ்காரன் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறான். நம் பக்கத்துக்குக் கொடுத்தாக வேண்டிய அந்தக் காகிதம் ஆறு வருடமாக அரசு வக்கீலின் கோப்பிலேயே கிடந்திருக்கிறது.

“காலத் தொடைங்கப்பா, இப்பத்தான் தரை கழுவினேன்” என்று அன்று அந்தப் போலீஸ்காரர்களிடம் சொன்னேன். உள்ளே வர நான் அனுமதி கொடுத்ததாக நீதிபதி அதை எடுத்துக்கொண்டார். நீயும்தான். சேற்று பூட்ஸோடு அவர்கள் சமையலறையில் வந்து நின்ற பிறகுதான் சொன்னேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அந்தப் பையன் அதையே எழுதியிருக்கிறான். இரண்டு தடவை நான் வாரண்ட் கேட்டதையும் எழுதியிருக்கிறான்.

மேல்கோர்ட்டுக்குப் போகிறோம்.

இமோஜீன்


சிறை,
மே 3, 2016

இமோஜீன்,

தீர்ப்பு வந்துவிட்டது. காகிதத்தை மறைத்தது தப்பு, சோதனையும் செல்லாது. என் சித்தப்பா மகன் நம் வீட்டு நிலவறையில் ஒளித்துவைத்த துப்பாக்கியை இனி சாட்சியமாகக் காட்ட முடியாது. அது இல்லாமல் வழக்கே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விடுகிறார்கள்.

என்னோடு அறையில் இருக்கும் கிழவன் ரூஃபஸ், “பொண்டாட்டி சொன்னத நம்ப உனக்கு மூணு ஜட்ஜு கையெழுத்து வேண்டியிருந்துச்சா, முட்டாப்பயலே?” என்றான்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். பதில் எழுதத்தான் திமிர் விடவில்லை. மன்னித்துவிடு. நாலு மணி பஸ்ஸில் இறங்குவேன். வீட்டுக்கு வரட்டுமா?

டெல்மர்


ஒஹாயோ,
மே 7, 2016

அன்புள்ள டெல்மர்,

மண்டியிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். உன்னை எப்போதோ மன்னித்தாயிற்று. மூன்றாம் கடிதத்திலேயே எழுதியிருந்தேன்.

சபையில் என்னைப் பார்த்து முகம் திருப்பியவர்களெல்லாம் இப்போது கேக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சாப்பிடத்தான் தெம்பில்லை.

பஸ்ஸுக்கு உன் தம்பி லாய்ட் வருவான். அவன் வீட்டு மாடி அறையைப் பெருக்கி, உன் கம்பளியை விரித்து, சட்டைகளை மடித்து வைத்துவிட்டு வந்தேன். அங்கேயே தங்கிக்கொள். இங்கே வேண்டாம். நாளைக்கு வேறு யாராவது என்னைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொன்னால், அதற்கும் ஒரு காகிதம் தேடி அலைய என்னால் முடியாது.

இமோஜீன்