நாலு புள்ளியும் சரியா நிக்குது

மார்ச் 4, செவ்வாய்

கடலில் முதல் சோதனை. மீட்புப் படகில் எங்கள் கம்பெனி ரேடியோ. ஓட்டியது என் அண்ணன், அவனுக்கு அதுதான் வேலை. படகு இருக்கும் இடத்தை அது கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நங்கூரம் போட்டிருந்த சரக்குக் கப்பலுக்குப் பின்னால் போனான், சிக்னல் போயிற்று. அது எதிர்பார்த்ததுதான். அந்தப் பக்கமாக வெளியே வந்தான், சிக்னல் முழுசாக வந்தது. ஆனால் கரையில் எங்கள் திரையில் படகு மட்டும் கப்பல் பக்கத்திலேயே நிற்கிறது! அவனோ எங்கேயோ போய்விட்டான்.

கரை ஏறினதும், "நான் கப்பல் நிழல்ல படுத்துத் தூங்கறேன்னு உன் பெட்டி சொல்லுதாமே? என் வேலை போனா நீதான் சோறு போடணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு அவன் நடுக்கடலில் மாட்டிக்கொண்டால், தேடப் போகிறவர்கள் திரை காட்டும் இடத்துக்குத்தானே போவார்கள்?

மார்ச் 5, புதன்

ஆபீஸ் மேஜையில் படகு ரேடியோ, கரை ரேடியோ ரெண்டு பெட்டியையும் வைத்து நாள் முழுக்க ஓட்டினேன். சிக்னலை வேண்டுமென்றே அறுத்துவிட்டுப் பார்த்தேன். விட்ட இடத்திலிருந்து ஒழுங்காகப் பிடித்துக்கொள்கிறது. ஒரு தப்பும் இல்லை. அப்படியென்றால் கடலில் மட்டும் என்ன ஆச்சு?

மார்ச் 7, வெள்ளி

மேனேஜர் — நாங்கள் வைத்த பெயர் அவசரம் — என் தோள் வழியாகச் சிக்னல் திரையை எட்டிப் பார்த்து, "நாலு புள்ளியும் நச்சுன்னு நிக்குதேம்மா, இன்னும் என்ன நோண்டிட்டு இருக்கே?" என்றார். பக்கத்து சீட் ஆமாஞ்சாமி, "ஆமா சார், சூப்பரா நிக்குது" என்றான். அவன் வேறென்ன சொல்வான்.

அந்த நாலு புள்ளிதான் எங்கள் மாடுலேஷன், அதாவது அலையில் தகவலை ஏற்றும் முறை. அலையை நாலு திசையில் மாற்றி மாற்றித் திருப்பி அனுப்புகிறோம். எந்தத் திசை என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு பிட் எடுத்துக்கொள்ளும் ரிசீவர். கடலில் பதிவு செய்ததைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். புள்ளி அழகாக நிற்கிறது. உள்ளே வருவதெல்லாம் குப்பை. குப்பை என்று தெரிந்ததும் பெட்டி தூக்கிப் போட்டுவிடுகிறது, அதனால்தான் படகு நகரவில்லை. சரி, ஏன் குப்பை? ஏன்? ஏன்?

சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி போன் பண்ணி, "சரியாயிடுச்சா?" என்று கேட்டார்கள். நேற்றும் கேட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

அவசரம் பின்னாலேயே நின்று "ஆச்சா, ஆச்சா" என்று உயிரை எடுத்தார். எரிச்சலில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கு நடையைக் கட்டினேன். பெட்டியின் முதுகில் ஒரு மெல்லிய கேபிள் இழுத்துப் பிடித்தது. பிடுங்கிப் போட்டேன். மேஜையில் இருக்கும் பெட்டி அனுப்புவதைக் கேன்டீனில் பிடித்து, சிக்னலை அறுத்து அறுத்து விட்டேன் — ரெண்டாவது தடவையே அதே குப்பை!

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. அந்தக் கேபிள் ரெண்டு பெட்டிக்கும் ஒரே கடிகாரத் துடிப்பைக் கொடுப்பது. அந்த மேஜையில் எப்போதும் கிடக்கும். மேஜைக் கால் மாதிரி அதையும் யாரும் கண்டுகொள்வதில்லை. அது இருக்கும்வரை, அறுந்தாலும் ரிசீவருக்குத் திசை மறக்காது. கடலில் ஏது கேபிள்? சிக்னல் போய்த் திரும்பி வரும்போது ரிசீவர் சில சமயம் கால்வாசிச் சுற்றுத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. கேன்டீனின் சதுர மேஜையைக் கால் சுற்றுத் திருப்பிப் போட்டால் யாருக்குத் தெரியும்? நாலு புள்ளியும் அப்படித்தான். பார்க்க அதேதான், படிப்பதெல்லாம் தப்பு.

அடப்பாவிகளா! நானும் சேர்த்துத்தான்.

மார்ச் 12, புதன்

வழி இருக்கிறது. இன்ன திசை என்று சொல்லாமல், முந்தினதிலிருந்து எவ்வளவு திரும்பினேன் என்று மட்டும் சொன்னால் போதும். ரிசீவர் எப்படித் திரும்பிப் பிடித்திருந்தாலும் கவலையில்லை. ஒரே குறை: ஒன்றை இரைச்சல் கெடுத்தால் பக்கத்தில் இருப்பதும் கெடும். எட்டும் தூரம் குறையும்.

அவசரம் குதித்தார். "துறைமுகத்துல எவ்ளோ தூரம்னு சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா? திரையில படகு நின்னுபோச்சுன்னா ரேடியோவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லு."

"அலை அடிக்கிறப்ப ஸ்டீயரிங்கை விட்டுட்டா சார்?"

"வெள்ளிக்கிழமை அதிகாரி சோதனை பாக்க வர்றாங்க. கப்பல் பக்கம் போகாத வழியா உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம்! எப்போ, அவன் மிதக்கிறப்பவா?

மார்ச் 13, வியாழன்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். "சரியாயிடுச்சா?" என்றார்கள் அண்ணி, கதவைத் திறந்தபடியே. பொய் சொல்ல வாய் வரவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் சாவகாசமாகச் சாப்பிட்டு முடித்து, "கப்பல் பின்னாடி போகாம நான் எப்படிடி ஆளைத் தூக்குறது? விழறவன் வழி கேட்டுட்டா விழறான்?" என்றான்.

ஆபீஸுக்குத் திரும்பினேன். ரெண்டு பெட்டியிலும் புது மென்பொருளை ஏற்றிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. வேலை போனால் போகட்டும். போகட்டும் என்று எழுதுவது சுலபம்.

மார்ச் 14, வெள்ளி

அண்ணன் நேராகக் கப்பலுக்குப் பின்னால் விட்டான். அவசரம் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். சிக்னல் போயிற்று. வந்தது. திரையில் படகு — நகர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இருமுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் தூரம். அவர் சொல்லி வைத்த எல்லைக்கு முன்னாலேயே அறுந்துவிட்டது. துறைமுக அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றி, "என்ன இது?" என்றார். அவசரம் ஏதோ மழுப்ப ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்தேன்: "தூரம் குறைச்சது நான்தான் மேடம்." கேபிள், கப்பல், நின்ற படகு, எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "கிட்ட வந்தா தானா பிடிச்சுக்குமா?" என்றார்.

"பிடிச்சுக்கும் மேடம்."

"தூரத்துக்கு இன்னொரு டவர் போட்டுக்கலாம். பொய்யான இடத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஆமாஞ்சாமி, "ஆமா மேடம்" என்றான். அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே உருப்படியான ஆமாம்.

ஏப்ரல் 2, புதன்

என்னை வடிவமைப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். இனி வாடிக்கையாளர் புகார் கேட்கிற சீட். ஜன்னல் கூட இல்லை. ரெண்டு நாளாக யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

மே 20, செவ்வாய்

காலையில் கொட்டும் மழை, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மீன்பிடிப் படகைத் தேடிப் போன அண்ணனுக்கு அந்தச் சரக்குக் கப்பல்களைத் தாண்டினதும் இன்ஜின் படுத்துவிட்டது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. விஷயமே எனக்கு மத்தியானம்தான் தெரியும், அவன் போன் பண்ணின பிறகு.

"ரெண்டாவது மீட்புப் படகு நூல் பிடிச்ச மாதிரி நேரா என்கிட்ட வந்து நின்னுச்சுடி. அதை ஓட்டினவன்கிட்ட எப்படிடா கண்டுபிடிச்சேன்னேன். நீ நகர நகர திரையில உன் புள்ளியும் நகர்ந்துட்டே இருந்துச்சேங்கறான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "ஒரு புகார் இருக்கு, எழுதிக்கோ" என்றான். "இனிமே கப்பல் நிழல்ல தூங்கவே முடியாது."

அவனிடமிருந்து அண்ணி போனை வாங்கினார்கள். வழக்கமான கேள்வி வரும் என்று காத்திருந்தேன். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்கள்.